வயதான குதிரைக்கு வீடு பார்ப்பது

வயதான குதிரையை இனிப் பராமரிக்க இயலாது என்ற நிலைக்கு வருகிற உரிமையாளர், "யாராவது எடுத்துக்கொள்வார்களா?" என்றுதான் முதலில் விசாரிப்பார். சென்ற ஆண்டு 19 வயதுக் குதிரை ஒன்றுக்கு இடம் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, எடுத்துக்கொள்ள முன்வந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்தக் குதிரை எழுந்து நிற்க முடியாமற்போகும் நாளில் மருத்துவச் செலவை யார் ஏற்பார், முடிவை யார் எடுப்பார் என்று கேட்டதும் அவர்களில் பெரும்பாலோர் ஒதுங்கிக்கொண்டார்கள். எது நல்ல வீடு என்பதை அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்தே நான் தீர்மானித்தேன். சிங்கப்பூரில் இதே நிலையில் இருக்கும் சிலருக்காவது பயன்படும் என்பதால், விசாரித்தவற்றையும் கற்றுக்கொண்டவற்றையும் எழுதிவைக்கிறேன்.

குதிரைகளோடு எனக்குள்ள தொடர்பு அப்பா வழியாக வந்தது. அவர் புக்கிட் தீமா பந்தயத் திடலின் லாயங்களில் சைஸாக, அதாவது குதிரைகளைப் பராமரிப்பவராக, வேலை பார்த்தார். 1999இல் திடல் கிராஞ்சிக்கு மாறியபோது அவரும் அங்கே சென்று ஓய்வுபெறும்வரை பணிபுரிந்தார். தேக்காவில் ரேஸ்கோர்ஸ் சாலை என்ற பெயர்ப்பலகையைக் கடந்து போகிறவர்களில் பலருக்கு, 1843இல் முதல் பந்தயம் நடந்த ஃபேரர் பார்க் திடலால் வந்த பெயர் அது என்பது தெரியாமல் இருக்கலாம். அங்கிருந்து 1933இல் புக்கிட் தீமாவுக்கும் பிறகு கிராஞ்சிக்கும் இடம்பெயர்ந்த அந்த நெடிய வரலாறு, 2024 அக்டோபர் 5ஆம் தேதி நடந்த கடைசிப் பந்தயத்தோடு முடிவுக்கு வந்தது. மூடப்போவதாக 2023 ஜூனில் அறிவிப்பு வந்தபோது கிராஞ்சியில் ஏறத்தாழ 700 பந்தயக் குதிரைகள் இருந்தன. ஓடும் வயதில் இருந்தவற்றுக்கு வேறு நாடுகளில் பந்தயங்கள் உண்டு. என் கவலையெல்லாம், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பந்தயத்திலிருந்து விலகி, சவாரிப் பள்ளிகளிலும் தனியார் பராமரிப்பிலும் உழைத்து முதுமையை எட்டிவிட்ட குதிரைகளைப் பற்றியதுதான். அவற்றின் எதிர்காலம் உரிமையாளரின் மனத்தையும் பணவசதியையும் மட்டுமே நம்பியிருக்கிறது.

நான் இடம் பார்த்த குதிரையை லாயத்தில் எல்லோரும் மணி என்றே கூப்பிடுவார்கள். நியூசிலாந்தில் பிறந்து, கிராஞ்சியில் சில பருவங்கள் ஓடி, பெரிய பரிசு எதையும் வெல்லாமல் ஓய்வுபெற்ற செம்பழுப்பு நிறக் குதிரை அது. காயடிக்கப்பட்ட ஆண்குதிரை, குணத்தில் மிகச் சாது. அதன் உரிமையாளரான சீனப் பெரியவர் பந்தயத்துக்குப் பிறகும் அதை விற்கவில்லை. ஒரு சவாரிப் பள்ளியில் வாடகைக்கு லாயம் எடுத்து, தம் கடைசிக் காலம்வரை தீவனத்துக்கும் மருத்துவத்துக்கும் பணம் கட்டிவந்தார். அவர் காலமானபின் பொறுப்பு அவருடைய மகளிடம் வந்தது. வேலை காரணமாக வெளிநாடு செல்ல வேண்டியிருந்த அந்தப் பெண், பந்தயக் காலத்தில் மணியைக் கவனித்துக்கொண்ட என் அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்து உதவி கேட்டார். அப்பாவுக்கு இப்போது முழங்கால் வலி. பேருந்து மாறி மாறி அலைய முடியாது. "நீ போய்ப் பார்த்துட்டு வாம்மா, நான் சொல்றேன்" என்று அவர் கேட்டுக்கொண்டதால் அலையும் பொறுப்பு எனக்கு வந்தது. கேட்க வேண்டிய கேள்விகளில் பாதி அவர் சொல்லித் தந்தவை.

இடம் பார்ப்பதற்கு முன் குதிரையின் உண்மையான நிலையை எழுத்தில் வாங்கிவிட வேண்டும் என்பதில் அப்பா உறுதியாக இருந்தார். நல்ல பராமரிப்பில் குதிரை 25 முதல் 30 வயதுவரை வாழும். எனவே 19 வயதுக் குதிரைக்கு வீடு பார்ப்பது என்பது அடுத்த ஒன்றிரண்டு மாதங்களுக்கான ஏற்பாடு அல்ல. பத்தாண்டுக்கான ஏற்பாடாகவும் அது நீளக்கூடும். கால்நடை மருத்துவர் வந்து மணியின் பின்னங்கால் மூட்டுகளைச் சற்று நேரம் மடக்கிப் பிடித்து, உடனே விட்டு ஓடவைத்துப் பார்த்தார், எக்ஸ்ரேயும் எடுத்தார். இரண்டு பக்கமும் மூட்டுத் தேய்மானம் இருந்தது, இடப்பக்கம் கூடுதலாக. நடப்பதற்கும், மிருதுவான தரையில் நேர்கோட்டில் மெதுவாக ஓடுவதற்கும் தடையில்லை என்றும், தாண்டுதலும் சிறு வட்டங்களில் சுற்றி ஓடுவதும் கூடாது என்றும் எழுதித் தந்தார். இந்தச் சோதனை நடந்த வாரத்தில் மணிக்கு வலிமருந்து எதுவும் தரவில்லை என்பதையும் அறிக்கையில் சேர்க்கச் சொன்னோம். பியூட் என்று லாயங்களில் சொல்லப்படும் பினைல்பியூட்டசோன் மருந்தைக் கொடுத்தால் நொண்டும் குதிரையும் சில நாட்களுக்கு நன்றாக நடக்கும். அப்படி நடக்கவைத்துக் கைமாற்றுவது வாங்குகிறவரைவிடக் குதிரைக்கே அதிகக் கேடு செய்யும். உண்மை தெரியாத புதிய வீட்டார் அதைத் தாண்டவைப்பார்கள், பிறகு அது நொண்டுகிறது என்று வேறொருவருக்குத் தள்ளிவிடுவார்கள்.

இரத்தப் பரிசோதனையும் செய்தோம். 15 வயதைக் கடந்த குதிரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு வருகிறது. உதிர வேண்டிய மயிர் உதிராமல் நீண்டு அடர்வதும், முதுகுத் தசை கரைவதும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குளம்புக்குள் அழற்சி வருவதும் அதன் விளைவுகள். பெர்கோலைட் என்ற மாத்திரையைத் தினமும் வாழ்நாள் முழுவதும் கொடுக்க வேண்டியிருப்பதால், புதிய வீட்டாரின் மாதச் செலவையே மாற்றிவிடக்கூடிய நோய் இது. மணிக்கு அது இல்லை என்று வந்த முடிவு எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டு முழுவதும் நீடிக்கும் இடங்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பது படிப்படியாகக் குறைந்து நின்றேவிடும். வியர்வைதான் குதிரையின் உடற்சூட்டைத் தணிக்கும் முதல் வழி. அது நின்றுவிட்டால் சிறிது வேலைக்குப் பிறகும் மூச்சு வாங்கி, உடல் காய்ந்த நிலையிலேயே கொதிக்கத் தொடங்கும். இத்தகைய குதிரைக்கு லாயத்தில் ஓயாமல் மின்விசிறி ஓட வேண்டும், வேலை விடியற்காலையிலேயே முடிய வேண்டும், குளிர்ந்த நீரால் உடனுக்குடன் கழுவிவிட வேண்டும். மணி வியர்க்கும் குதிரைதான். ஆயினும் வயதாகும்போது வெப்பத்தைத் தாங்கும் திறன் குறையும் என்பதால், நான் பார்க்கப்போன ஒவ்வோர் இடத்திலும் உச்சிப்பொழுதில்தான் போய் நின்றேன். காலை ஏழு மணிக்கு எல்லா லாயமும் குளுமையாகவே இருக்கும்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. குதிரையைக் கொடுக்கும் இடத்தில் நின்று பார்த்தபோது, பல்லைப் பிடித்துப் பார்த்தவர்கள்மீதுதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது. குதிரையின் மேல்தாடையில் ஓர வெட்டுப்பல்லில் சுமார் பத்து வயதில் ஒரு பள்ளக்கோடு தோன்றி, பதினைந்தில் பாதிப் பல்லளவு இறங்கி, இருபதில் நுனிவரை வந்துவிடும். அனுபவமுள்ளவர்கள் அதைப் பார்த்தே வயதை ஓரளவு கணிப்பார்கள். அதைவிட முக்கியமானவை கடைவாய்ப் பற்கள். குதிரையின் பல் வாழ்நாள் முழுவதும் மேலெழுந்துகொண்டே இருக்கும், அரைபட்டுத் தேய்ந்துகொண்டே இருக்கும். முதுமையில் எழுவதற்குப் பல் மிச்சமிருக்காது. அப்போது உலர்புல்லைச் சரியாக மென்று விழுங்க முடியாமல், உருண்டையாகச் சுருட்டித் துப்பும். மணியின் காலடியில் அப்படிப்பட்ட புல்லுருண்டைகள் கிடப்பதை ஒரே ஒரு நடுவயது அம்மையார்தான் குனிந்து எடுத்துப் பார்த்து, "இதற்கு ஊறவைத்த தீவனம்தானே கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். மற்றவர்கள் அதன் முகத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

விலையில்லாமல் தருகிறோம் என்று சொன்னதால் வந்தவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். விடுமுறை விடுதி ஒன்றில் கடற்கரைச் சவாரிக்கு வேண்டும் என்று எல்லைக்கு அப்பாலிருந்து ஒருவர் தொடர்புகொண்டார். ஒரு நாளில் எத்தனை பேர் ஏறுவார்கள், அவர்களின் எடைக்கு வரம்பு உண்டா, அருகில் குதிரை பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்டேன். சவாரிக்காரரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. 450 கிலோ எடையுள்ள நல்ல நிலைக் குதிரைக்கு அது 90 கிலோ. மூட்டுத் தேய்ந்த குதிரைக்கு அதைவிட வெகுவாகக் குறைக்க வேண்டும். ஆழமான மணலில் நடப்பது தேய்ந்த மூட்டுக்கும் தசைநாருக்கும் இன்னும் கடினம். அவரிடம் இவற்றுக்கெல்லாம் பதில் இல்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்குக் குதிரை வேண்டும் என்று ஜொகூரில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பமும் கேட்டது. அன்பான மனிதர்கள்தாம். ஆனால் அங்கே வேறு குதிரை கிடையாது, நாளின் பெரும்பகுதி ஆளும் கிடையாது. மறுத்துவிட்டேன்.

மலேசியாவுக்கு அனுப்புவதையே நான் ஒதுக்கிவிடவில்லை. சாலை வழியாகச் சில மணி நேரத்தில் போய்ச் சேரலாம், இடம் தாராளம், செலவும் குறைவு. ஆனால் அந்தத் திசையில் யோசிப்பவர்கள் 2020ஐ மறந்துவிடக்கூடாது. அந்த ஆண்டு மார்ச் மாதம் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் பரவி ஐந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் மடிந்தன. அதே ஆண்டு மலேசியாவிலும் நோய் கண்டறியப்பட்டது. கண்ணுக்கு எளிதில் தெரியாத கடிக்கும் சிறுபூச்சிகளால் பரவும் நோய் என்பதால், கொசுவலையைவிட நுண்ணிய வலையை லாயம் முழுவதும் கட்ட வேண்டியிருந்தது. எல்லை கடந்து குதிரை அனுப்புவது அப்போது எவ்வளவு கடினமாயிற்று என்பதைத் தொழிலில் இருந்தவர்கள் அறிவார்கள். ஆகவே அந்தப் பக்கம் உள்ள லாயங்களைப் பார்க்கும்போது வலை இருக்கிறதா, அந்தி நேரத்தில் குதிரைகளை உள்ளே கட்டுகிறார்களா என்பதையும் கேட்டுக்கொண்டேன். ஏற்றுமதி இறக்குமதி அனுமதிகளை இங்கே கவனிப்பது தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் 2019இல் உருவான விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவு. அவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

நண்பர்களில் பெரும்பாலோர் சொன்ன யோசனை ஆஸ்திரேலியாதான். பச்சைப் புல்வெளியில் விட்டுவிட்டால் மணி கடைசிக் காலத்தை நிம்மதியாகக் கழிக்கும் என்றார்கள். கேட்க இனிமையாக இருந்தது. ஆனால் சிங்கப்பூரில் குதிரைகள் மேய்வது மிகவும் குறைவு. கப்பலில் வரும் உலர்புல்லும் குதிரைமசாலும் மூட்டைத் தீவனமும்தான் அவற்றின் உணவு. பத்தாண்டுக்கு மேல் அப்படி வாழ்ந்த குதிரையைச் சர்க்கரைச் சத்து மிகுந்த இளம்புல்வெளியில் திடீரென்று விட்டால் அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களின் சமநிலை குலையும். வயிற்றுவலி வரும், அதைவிட மோசமாகக் குளம்பு அழற்சி வரும். குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப் பிடித்திருக்கும் இழைகள் விட்டுப்போய், எலும்பே கீழ்நோக்கித் திரும்பிவிடும் நோய் அது. குதிரை நிற்க முடியாமல் பின்னுக்குச் சாய்ந்து நிற்கும் கோலத்தை அப்பா ஒருமுறை எனக்குச் செய்துகாட்டினார்; அதன் பிறகு அந்த நோயின் பெயரைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அத்துடன் பயணம். விமானத்தில் ஏற்றுமுன் ஒரு தனிமைக்காலம், விமானத்தில் சில மணி நேரம், இறங்கியபின் மெல்பர்னுக்கு அருகே மிக்கிள்ஹாமில் இன்னொரு தனிமைக்காலம், பிறகு லாரியில் பண்ணைக்குப் பயணம். பயணத்தில் தலையைத் தாழ்த்த முடியாமல் நெடுநேரம் கட்டப்பட்டிருக்கும் குதிரைக்கு மூச்சுக்குழாயில் சேரும் அழுக்கு வெளியேற வழியில்லாமல் நுரையீரல் அழற்சி வருவதுண்டு. வயதான குதிரைக்கு இந்த அபாயங்களெல்லாம் கூடுதல். போய்ச் சேரும் மாதம் ஜூன் அல்லது ஜூலையாக இருந்தால், வெப்பமண்டலத்தில் மெல்லிய மயிரோடு வளர்ந்த உடம்பு நேராகக் கடுங்குளிரில் போய் நிற்க வேண்டும். பத்து வயதுக் குதிரைக்கு நான் ஆஸ்திரேலியாவை முழு மனத்தோடு பரிந்துரைப்பேன். இருபதை நெருங்கும், மூட்டுத் தேய்ந்த, பல் குறைந்த குதிரைக்குப் புல்வெளி என்பது பெரும்பாலும் நம் மனத்தை ஆற்றிக்கொள்ளும் ஏற்பாடே தவிர, அதன் உடம்பு கேட்கும் ஏற்பாடு அல்ல என்பது என் முடிவு. அந்தப் பெண்ணும் யோசித்துப் பார்த்து அதற்கு இணங்கினார்.

அப்படியானால் இந்தத் தீவிலேயே என்ன வழி? அடுக்குமாடி வீட்டில் வாழும் நம்மில் யாரும் சொந்தமாகக் குதிரையை வைத்துக்கொள்ள முடியாது. ஏதேனும் ஒரு கிளப்பின் அல்லது பள்ளியின் லாயத்தில்தான் கட்டியாக வேண்டும், அதற்கு மாதம் நான்கு இலக்கத் தொகை ஆகும். ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்கு இரண்டாவது வாழ்க்கை தரும் பழக்கம் இங்கே புதியதல்ல. 1951இல் தொடங்கிய புக்கிட் தீமா சேடில் கிளப்பின் தொடக்க நோக்கங்களில் அதுவும் ஒன்று. உடற்குறையுள்ள பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரி வழியாகச் சிகிச்சை தரும் சங்கம் 1982 முதல் இயங்கிவருகிறது. இத்தகைய இடங்களுக்குச் சாதுவான முதிய குதிரை பொருந்தும் என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி சரி. சிகிச்சைச் சவாரிக்குக் குதிரையின் நடை இருபுறமும் சீராக இருக்க வேண்டும். ஏனெனில் சமநிலை தடுமாறும் பிள்ளையின் இடுப்புக்கு அந்த நடையே பயிற்சி. இடப்பக்கம் குறுகி நடக்கும் குதிரை அதற்கு உதவாது. பிள்ளை ஒரு பக்கமாகச் சாயும்போது அந்தச் சுமையைத் தாங்கும் முதுகுத் தசையும் வேண்டும். மணியால் அது இயலாது என்று மருத்துவர் சொன்னார்.

ஆனால் ஏறிச் செல்லாமல் தரையில் நின்றே குதிரையோடு பழகும் நிகழ்ச்சிகளும் உண்டு. தேய்த்துவிடுவது, தீவனம் கலப்பது, தலைக்கயிற்றைப் பிடித்து நடத்திச் செல்வது போன்றவை. பதற்றம் மிகுந்த இளையர்களும் முதியோர் இல்லங்களிலிருந்து வரும் பெரியவர்களும் அதில் பங்கெடுக்கிறார்கள். குதிரைக்கு நாளொன்றுக்கு மெதுவான நடை போதும். மூட்டுத் தேய்ந்த குதிரைக்கு முழு ஓய்வைவிட அளவான நடைதான் நல்லது, நாள் முழுவதும் அறைக்குள் நிற்கும் மூட்டு இன்னும் இறுகிவிடும். நான் தேடியது இத்தகைய வேலைதான் என்பது மெல்ல மெல்லத் தெளிவானது. புல்லுருண்டையைக் குனிந்து எடுத்த அந்த அம்மையார் அப்படியொரு சிறு லாயத்தைச் சேர்ந்தவர் என்பது பிறகுதான் தெரியவந்தது.

அவருடைய இடத்துக்குப் போனபோது நான் முதலில் பார்த்தது அங்கே ஏற்கனவே இருக்கும் முதிய குதிரைகளின் முன்னங்கால்களை. இது அப்பாவின் பாடம். குதிரை நின்றபடியே கண்ணயரும் என்பது உண்மைதான். ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். படுத்தால் எழ முடியாதோ என்ற அச்சம் உள்ள குதிரையும், சுற்றிலும் பாதுகாப்பை உணராத குதிரையும் வாரக்கணக்கில் படுக்காது. ஒரு கட்டத்தில் நின்றபடியே உறக்கம் ஆளைத் தள்ளும், முன்னங்கால் மடங்கிச் சரியும். அப்படிச் சரிந்து சரிந்து குளம்புக்கு மேலுள்ள கணுவின் முன்புறம் காயம் ஆறாமல் தழும்பாகியிருக்கும். லாயத்தின் சுவர் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும், அங்குள்ள கிழட்டுக் குதிரைகளின் கணுவில் அந்தத் தழும்பு இருந்தால் படுக்கை போதாது அல்லது துணை போதாது என்று பொருள். இங்கே தழும்பு இல்லை. மரச்சீவல் கணுக்கால் ஆழத்துக்குப் பரப்பியிருந்தது. குதிரைகளின் விலாவில் சீவல் ஒட்டியிருந்ததையும் கண்டேன். படுத்து எழுந்திருக்கின்றன. பக்கத்து அறையில் ஒரு வயதான பெண்குதிரை, இடையில் கம்பிச் சட்டம், ஒன்றையொன்று முகர்ந்துகொள்ளலாம். குதிரை கூட்டமாக வாழ்ந்த பிராணி. முதுமையில் இடம் மாறும் குதிரைக்குத் தீவனத்துக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது இன்னொரு குதிரையின் வாசனைதான்.

அங்கே வேலை பார்ப்பவர் இராமநாதபுரத்துத் தம்பி. லாடம் கட்டுபவர் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வருகிறார் என்று கேட்டேன். "ஆறு வாரம்க்கா, இந்தப் பெரியவளுக்கு மட்டும் அஞ்சு வாரத்துல வரச் சொல்லுவேன்" என்று ஒவ்வொரு குதிரையின் கணக்கையும் மனப்பாடமாகச் சொன்னார். பல் தேய்க்க மருத்துவர் கடைசியாக வந்த நாள், குடற்புழுவுக்குச் சாணப் பரிசோதனை செய்த மாதம் எல்லாம் அறைக் கதவில் எழுதி ஒட்டியிருந்தன. ஒரு முதிய குதிரையின் விலா எலும்பு சற்றுத் தெரிந்தது. ஏன் என்று கேட்டபோது மறைக்காமல் அதன் நோயையும் எடை ஏறாத கதையையும் சொல்லி, மாதாமாதம் எடுத்த படங்களையும் காட்டினார்கள். குறையைத் தாங்களாகவே காட்டுகிறவர்கள் நாளை மணிக்கு ஒன்று நேர்ந்தாலும் மறைக்கமாட்டார்கள் என்று எனக்குப் பட்டது.

பிறகு ஒப்பந்தம். நட்பாகப் பேசி முடித்த விஷயத்துக்கு எழுத்து எதற்கு என்று அந்தப் பெண் முதலில் தயங்கினார். நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். மணியின் உரிமை அந்தப் பெண்ணிடமே இருக்கும். லாயத்தார் அதை விற்கவோ வேறிடத்துக்கு அனுப்பவோ கூடாது. வைத்துக்கொள்ள இயலாமற்போனால் முன்கூட்டியே தெரிவித்துத் திருப்பித் தர வேண்டும். யாரும் ஏறிச் சவாரி செய்யக்கூடாது. அன்றாடத் தீவனமும் லாடமும் லாயத்தார் பொறுப்பு; பல், மருந்து, எக்ஸ்ரே ஆகியவை அந்தப் பெண்ணின் பொறுப்பு. முதல் மாதம் வெள்ளோட்டம், எந்தத் தரப்பும் காரணம் சொல்லாமல் விலகலாம். இவற்றையெல்லாம் எழுதுவதில் சிரமம் இருக்கவில்லை.

நேரம் எடுத்தது கடைசிப் பிரிவுதான். அறுவை சிகிச்சை தேவைப்படும் குடல்முறுக்கு வந்தால் இந்த வயதில் அறுவைக்கு அனுப்புவதா? வலி மருந்துக்கு அடங்காத நிலை வந்து, அந்தப் பெண் விமானத்தில் இருந்தால் யார் தலையசைப்பது? கருணை ஊசி என்ற சொல்லை எழுதவே எங்கள் எல்லோருக்கும் கை தயங்கியது. ஆனால் இதை எழுதாமல் விட்டால், நள்ளிரவில் துடிக்கும் குதிரையின் அருகே நின்றுகொண்டு ஒருவர் மற்றவருக்குத் தொலைபேசியில் முயன்றுகொண்டிருப்பார். குதிரை அத்தனை மணி நேரமும் துடிக்கும். அறுவை வேண்டாம் என்று முடிவாயிற்று. மருத்துவர் மீட்சியில்லை என்று சொல்லி, ஒரு மணி நேரத்துக்குள் உரிமையாளரை எட்ட முடியவில்லை என்றால், முடிவை நான் எடுப்பேன் என்று கையெழுத்திட்டேன். அதற்கும் பிறகு ஆகும் செலவுக்கும் ஒரு தொகையை அந்தப் பெண் தனிக் கணக்கில் போட்டுவைத்தார். மாதச் செலவைச் சரியாகக் கணக்கிட்டுவிட்டு இந்தத் தொகையை மறந்துவிடுகிறவர்களே அதிகம்.

மணியை மாற்றும்போது பழைய லாயத்தின் உலர்புல் கட்டுகளையும் உடன் கொண்டுபோனோம். புதிய தீவனத்தைப் பத்து நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழையதைக் குறைத்தார்கள். நாளொன்றுக்கு அதன் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, அதாவது ஏழு முதல் ஒன்பது கிலோ நார்த்தீவனம் தேவை. மெல்ல முடியாத புல்லுக்குப் பதிலாக, அழுத்திக் கட்டியாக்கிய புல்லை வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சிபோலக் குழைத்து நான்கு வேளையாகத் தருகிறார்கள். அப்பா ஒருநாள் வாடகைக் காரில் வந்து பார்த்தார். தீவனத்தைக் கையில் அள்ளி முகர்ந்து, இன்னும் சற்று நீர் சேர்க்கச் சொன்னார்; தொண்டையில் அடைக்காமல் இருக்க அதுவும் தேவை என்று மருத்துவரும் பிறகு சொன்னார்.

முதல் வாரம் மணி படுக்கவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒரு காலை அந்தத் தம்பி விலாவில் மரச்சீவல் ஒட்டிய படத்தை அனுப்பினார். வெள்ளோட்ட மாதம் முடிந்து இரு தரப்பும் கையெழுத்தை உறுதிசெய்தாயிற்று. இப்போது வாரத்தில் சில காலைகளில் பெரியவர்கள் சிலர் வந்து அதைத் தேய்த்துவிடுகிறார்கள். அவர்களில் ஒரு பாட்டி, தம் தகப்பனார் தஞ்சாவூர்ப் பக்கம் குதிரை வண்டி வைத்திருந்தார் என்று சொல்லி, கொள்ளு வேகவைத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். மருத்துவரிடம் கேட்டுச் சொல்வதாகத் தம்பி பதில் சொல்லியிருக்கிறார். அடுத்த பல் பரிசோதனைக்கு மருத்துவர் வரும்போது நானும் போக வேண்டும். எடை, மூட்டு, பல் மூன்றையும் குறித்து வெளிநாட்டில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு அனுப்புவது என் பொறுப்பு. அதே வருகையில், கிராஞ்சியிலிருந்து வந்த 16 வயதுப் பெண்குதிரை ஒன்றின் உரிமையாளரும் தம் மருத்துவ அறிக்கையைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.